சபையார் புறநகருக்குப் போய்விட்ட பிறகு நகரத்து ஆலயம் எப்படி வளர்வது?

கேள்வி இதுதான்: நகரத்தின் நடுவில் இருக்கும் பழைய தேவாலயங்களுக்கு ஆள் வருவது குறைகிறது, சமூகப் பணி செய்தால் சபை வளருமா, அதற்கு எப்படித் திட்டம் போடுவது?

வளரலாம், வளராமலும் போகலாம். ஆள் சேர்ப்பதற்காகவே செய்கிற சமூகப் பணி மட்டும் அநேகமாக இரண்டு வருடத்துக்கு மேல் ஓடாது. நான் சென்னையில் ஒரு பழைய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் கமிட்டியில் இருக்கிறேன். அங்கே பார்த்ததையும், வேறு இடங்களில் நடந்ததைப் பற்றித் தெரிந்துகொண்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் சபையில் ஒரு காலத்தில் பெரும்பாலானோர் நடந்தே கோவிலுக்கு வருவார்கள். இப்போது அந்தக் குடும்பங்கள் தாம்பரம், வேளச்சேரி, போரூர் என்று போய்விட்டன. ஞாயிறு காலை காரில் வருகிறார்கள், ஆராதனை முடிந்ததும் வண்டியை எடுக்கிறார்கள். கோவிலைச் சுற்றி இருப்பதோ வேறு உலகம். மேன்ஷனில் தங்கிப் படிக்கும் பையன்கள், மெக்கானிக் கடைக்காரர்கள், வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள், ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ்கள். உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் முகப் பழக்கமே கிடையாது. ஆனால் கமிட்டியில் 'வளர்ச்சி' என்று எடுத்தால் பேச்சு புது மண்டபம், ஏசி, எல்.இ.டி. திரை என்றுதான் போகும்.

இதே நெருக்கடி லண்டனில் டிரஃபால்கர் சதுக்கத்தை ஒட்டி இருக்கும் செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ் ஆலயத்துக்கும் இருந்தது. ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1726-இல் முடிந்த கட்டடம். முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் டிக் ஷெப்பர்ட் என்பவர் அங்கே ஆயராக வந்தார். போர்முனைக்குப் போகிற வருகிற சிப்பாய்கள் பக்கத்துச் சேரிங் கிராஸ் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். அவர்கள் ஒதுங்க இடம் வேண்டும் என்று அவர் கோவில் கதவை இரவிலும் திறந்து வைத்தார். 1924 ஜனவரியில் பி.பி.சி. வானொலி ஓர் ஆலயத்திலிருந்து முதன்முதலாக ஒலிபரப்பிய ஆராதனையும் அங்கே நடந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் அதன் நிலவறை குண்டுவீச்சுக்குப் பதுங்கும் இடமானது. வீடற்றோருக்காக வேலை செய்யும் ஷெல்ட்டர் அமைப்பு 1966-இல் தொடங்கி வைக்கப்பட்டதும் அங்கேதான்.

இவ்வளவு புகழ் இருந்தும் 1980-களில் கையில் காசில்லை. அப்போதைய ஆயர் ஜெஃப்ரி பிரவுன், கோவிலின் வியாபாரம் கோவிலின் ஊழியத்துக்குப் பணம் கொடுக்கட்டும் என்று முடிவெடுத்தார். நிலவறையில் உணவகம் வந்தது. லண்டன் போயிருந்தபோது அதில் சாப்பிட்டேன். மேலே செங்கல் வளைவுகள், காலடியில் பழைய கல்லறைக் கற்கள். நம்மூரில் கல்லறைக் கல்மேல் மேஜை போட்டால் சபையே இரண்டாகிவிடும்! மேலே ஆலயத்தில் டிக்கெட் வாங்கிக் கேட்கும் கச்சேரிகள் நடக்கின்றன. பிறகு பெரிய புதுப்பிப்பு வேலை ஒன்று, சுமார் 36 மில்லியன் பவுண்டு செலவில், 2008-இல் முடிந்தது. வீடற்றோருக்கான மையம் தனி அறக்கட்டளையாக இயங்குகிறது. 2012-இல் ஆயராக வந்த சாம் வெல்ஸ் காலத்தில், 2017-இல், இந்த முறையை மற்ற சபைகளோடு பகிர்ந்துகொள்ள ஹார்ட்எட்ஜ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். சபை, வியாபாரம், கலை, இரக்கப் பணி ஆகிய நான்கும் அங்கே ஒரே திட்டத்துக்குள் வருகின்றன.

இதை அப்படியே நாம் செய்ய முடியாது. அவர்களுக்கு எதிரே நேஷனல் கேலரி, நமக்கு எதிரே பஞ்சர் கடை. வியாபாரம் என்று சொன்ன உடனே இயேசு எருசலேம் ஆலயத்துக்குள் காசு மாற்றி வியாபாரம் செய்தவர்களின் பலகைகளைக் கவிழ்த்ததை ஒருவர் எழுந்து ஞாபகப்படுத்துவார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம்மில் பல சபைகள் மண்டபத்தைக் கல்யாணத்துக்கு விடுகின்றன, காம்பவுண்டு ஓரத்தில் கடை கட்டி வாடகை வாங்குகின்றன. பணம் வருகிறதா என்பது பிரச்சினையே இல்லை. எங்கே போகிறது என்று சபைக்கூட்டத்தில் கேட்டால் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்?

புறநகருக்குப் போனவர்களைக் கவனிப்பது தனி வேலை. அதற்குத் தென் கொரியாவில் சியோல் நகரத்தின் யொய்டோ முழுச் சுவிசேஷ சபையைப் பார்க்கலாம். 1958-இல் கூடாரத்தில் தொடங்கிய சபை அது. 1964-இல் போதகர் யோங்கி சோ வேலைப் பளுவில் மயங்கி விழுந்தார். அதன் பிறகு வீட்டுக் கூட்டங்களைப் பெண்கள் கையில் கொடுத்தார். அந்தச் சமூகத்தில் அது அன்று லேசான காரியமில்லை. சபை லட்சக்கணக்கில் பெருகியதற்கு அந்த வீட்டுக் கூட்டங்கள்தான் முக்கியக் காரணம். அதே சோ 2014-இல் சபைப் பணத்தில் முறைகேடு செய்ததாக நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நமக்கு வேண்டியது அந்த வீட்டுக் கூட்ட முறை. தாம்பரத்தில் இருக்கும் பாட்டியைக் கவனிக்கத் தாம்பரத்திலேயே ஒரு பிரிவு ஜெபக்கூட்டம் போதும். நடுநகரக் கட்டடம் அதைச் சுற்றி வாழ்கிறவர்களுக்குப் பயன்படட்டும். இரண்டையும் ஒரே திட்டமாகப் போட்டுக் குழப்புவதால்தான் எதுவும் நடப்பதில்லை.

எங்கள் சபையில் செய்தது சின்னக் காரியம்தான். ஞாயிறு பள்ளிக் கட்டடம் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடந்தது. பக்கத்து மேன்ஷன் பையன்களுக்கு டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்க இடமில்லை. மாலையில் திறந்துவிட்டோம். மேஜை, மின்விசிறி, குடிதண்ணீர், அவ்வளவுதான். கமிட்டியில் பெரிய சண்டை நடந்தது கழிப்பறைக்காக. வெளியாட்கள் பயன்படுத்தினால் யார் கழுவுவது? கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கம் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க ஒப்புக்கொண்டது. வருகிறவர்களில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உண்டு. அங்கே துண்டுப்பிரசுரம் கொடுப்பதில்லை என்று முதலிலேயே தீர்மானம் போட்டோம்.

"இதனால் எத்தனை ஆத்தும ஆதாயம், தம்பி?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார், எத்தனை பேர் விசுவாசத்துக்கு வந்தார்கள் என்ற அர்த்தத்தில். "கணக்கு வைக்கவில்லை ஐயா" என்றேன். அவருக்குத் திருப்தியில்லை, இன்னும் இல்லை. ஆனால் படிக்கிற இடத்தைக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆளை எதிர்பார்த்தால் அதற்குப் பெயர் சேவை இல்லை. மதமாற்றம் என்ற சந்தேகம் சுற்றிலும் இருக்கும் இந்தக் காலத்தில், அந்தப் பையன்களுக்கும் அது நல்லதில்லை.

திட்டம் போடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வெளிநாட்டுப் பணத்தை நம்பாதீர்கள். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கவே முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் முதலில் வாங்க வேண்டும், நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உள்ளூர்க் காணிக்கையில் ஓடுகிற அளவுக்குப் பணியைச் சின்னதாக வைத்து, அதற்குத் தனிக் கணக்கு எழுதுங்கள்.

அடுத்தது, ஆயரை நம்பித் தொடங்காதீர்கள். நல்லவராகவே இருப்பார், ஆனால் சில வருடங்களில் மாற்றலாகிப் போவார். கமிட்டியும் தேர்தல் வந்தால் மாறும். புது கமிட்டி பழைய கமிட்டி செய்ததை முதலில் நிறுத்திப் பார்க்கும், இது எழுதப்படாத சட்டம். அதனால் பணியைச் சங்கங்களின் பொறுப்பில் விடுங்கள். பெண்கள் சங்கத்தின் கையில் சாவி இருந்தால் எந்தக் கமிட்டியும் போய்க் கேட்கத் தயங்கும்.