ரிலே நெட்வொர்க் தனியாக இருந்தால் போதுமா?

துணைமின் நிலைய ரிலேக்கள் (கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் பாதுகாப்புக் கருவிகள்) தனி நெட்வொர்க்கில் இருக்கின்றன, பராமரிப்பு நிறுவனம் மட்டும் விபிஎன் (வெளியிலிருந்து நெட்வொர்க்குக்குள் வரும் மறையாக்கப்பட்ட இணைப்பு) வழியாக வரும், இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அந்த விபிஎன் எப்போதும் திறந்தே கிடந்தால் அது தனி நெட்வொர்க்கே இல்லை.

உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று ஹேக்கர்கள் மின் விநியோக நிறுவனங்களுக்குள் திருடிய கடவுச்சொல்லோடு விபிஎன்னில்தான் நுழைந்தார்கள். ஆபரேட்டர் கண்ணெதிரே மவுஸ் தானாக நகர்ந்து, மின்பாதையைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகளான பிரேக்கர்களைத் திறந்தது. சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் போனது. அப்புறம் துணைமின் நிலையக் கருவிகளை நெட்வொர்க்கோடு இணைக்கும் சீரியல்-ஈதர்நெட் கன்வெர்ட்டர்களின் ஃபர்ம்வேரையும் (உள் மென்பொருளை) கெடுத்துவிட்டார்கள். அதனால் தொலைவிலிருந்து இயக்க முடியாமல், ஆட்கள் நேரில் போய்க் கையால் பிரேக்கர்களை மூடித்தான் சில மணி நேரத்தில் மீட்டார்கள்.

சரி, நீங்கள் விபிஎன்னை வேலை நேரத்துக்கு மட்டும் திறந்துவிடுங்கள், ஓடிபி கட்டாயம். ரிலேயில் அதைத் தயாரித்த கம்பெனி கொடுத்த பழைய கடவுச்சொல்லே இருக்கிறதா என்றும் பாருங்கள். கையால் பிரேக்கர் மூடும் பயிற்சி உங்களிடம் கடைசியாக எப்போது நடந்தது?