சாக்லேட் ஊரில் ஒரு ஐஸ் ஹாக்கி அணி

கேள்வி: "அமெரிக்காவில் என்.எச்.எல். என்ற உச்ச லீக்குக்குக் கீழே ஆடும் சின்ன லீக் ஐஸ் ஹாக்கி அணி ஏதாவது ஒன்றின் வரலாற்றைச் சொல்ல முடியுமா? அந்த அணிகள் ஏன் அடிக்கடி ஊர் மாறுகின்றன?"

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு அணிதான், அதுவும் ஊரே மாறாத அணி. வேலை காரணமாகப் பென்சில்வேனியாவின் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் இரண்டு குளிர்காலம் இருந்தேன். சாயங்காலம் 5 மணிக்கே இருட்டிவிடும், வார இறுதியில் போக்கிடம் கிடையாது. அரை மணி நேரம் கார் ஓட்டினால் ஹெர்ஷி. அப்படி ஒட்டிக்கொண்டதுதான் ஹெர்ஷி பேர்ஸ். அதற்கு முன் ஐஸ் ஹாக்கி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சண்டை போட்டுக்கொள்வார்கள் என்பது மட்டும்தான்.

ஹெர்ஷி என்பது கம்பெனிதானே என்பீர்கள். ஊரும்தான். மில்டன் ஹெர்ஷி 1903ல் பால் பண்ணைகளுக்கு நடுவே சாக்லேட் ஆலையைக் கட்ட ஆரம்பித்தார், ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. பிரதான சாலைக்கு சாக்லேட் அவென்யூ என்று பெயர், அதோடு சேரும் சாலை கோகோ அவென்யூ. தெருவிளக்குகள்கூட அவர்களுடைய கிஸ்ஸஸ் மிட்டாய் வடிவம், சில வெள்ளித்தாள் சுற்றியபடி, சில தாளை உரித்தபடி. காற்றிலேயே சாக்லேட் வாசனை வரும் என்று ஆபீசில் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு வந்தது அரங்கத்துக்குள் பொரிக்கும் உருளைக்கிழங்கு வாசனைதான்.

1931 பிப்ரவரியில் அங்கே முதல் ஹாக்கி ஆட்டம் நடந்தது, வெளியூர் அமெச்சூர் அணிகள் இரண்டு வந்து ஆடின. கூட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டே ஊருக்கென்று ஓர் அணியை உண்டாக்கிவிட்டார்கள். பெயர் பார்ஸ் (B'ars). கரடி என்றும் கேட்கும், சாக்லேட் பார் என்றும் கேட்கும். இடையில் ஒரு சீசன் சாக்லேட் பார்ஸ் என்று வெளிப்படையாகவே வைத்துக்கொண்டார்கள். இது விளையாட்டு அணியா, விளம்பரப் பலகையா என்று முணுமுணுப்பு கிளம்ப, 1936ல் பேர்ஸ் ஆக்கினார்கள். B-க்குப் பக்கத்தில் இருந்த குறியை எடுத்துவிட்டு e போட்டதோடு சரி (Bears), சாக்லேட் நிறச் சட்டையை இன்றுவரை விடவில்லை.

அதே 1936 டிசம்பரில் புது அரங்கம் திறந்தார்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். நாடே பொருளாதார மந்தத்தில் கிடக்கிறது, மில்டன் ஹெர்ஷி மட்டும் கட்டிக்கொண்டே இருக்கிறார்: ஹோட்டல், சமூகக் கூடம், அப்புறம் 7,000 பேருக்கு மேல் உட்காரும் ஐஸ் அரங்கம். ஊர் ஜனம் மொத்தமும் வந்து உட்கார்ந்தாலும் நிறையாது. ஊர்க்காரர்களுக்கு வேலை கொடுக்கத்தான் கட்டினார். ஆன்டன் டெடெஸ்கோ என்ற பொறியாளர் கூரையை மெல்லிய கான்கிரீட் ஓடாக, உள்ளே ஒரு தூண்கூட இல்லாமல் வளைத்து நிறுத்தினார். அமெரிக்காவில் அந்த மாதிரியில் வந்த முதல் பெரிய கட்டடங்களில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், ஹாக்கிக்காகக் கட்டிய அந்த அரங்கத்தை உலகத்துக்குத் தெரிந்தது கூடைப்பந்தால். 1962 மார்ச் 2 அன்று வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தது இங்கேதான். பார்க்க வந்தவர்கள் 4,124 பேர், டிவி ஒளிபரப்பு கிடையாது.

சரி, ஹாக்கிக்கு வருகிறேன். 1938ல் பேர்ஸ் இன்றைய ஏ.எச்.எல். லீக்கில் சேர்ந்தது. என்.எச்.எல்.லுக்கு நேர் கீழ்ப்படி இது. அன்றிலிருந்து ஒரு சீசன்கூட விடாமல் அதே லீக்கில் அதே ஊரில் ஆடுகிறது, லீக்கில் வேறு எந்த அணிக்கும் இவ்வளவு நீண்ட கணக்கு கிடையாது. லீக் சாம்பியனுக்குக் கொடுக்கும் கால்டர் கோப்பையை 13 முறை வென்றிருக்கிறார்கள், முதலாவது 1947ல். அடுத்த இடம் 9 கோப்பை வாங்கிய பழைய கிளீவ்லாந்து பாரன்ஸுக்கு. 1972ல் போட்டி லீக்கின் அணி ஒன்று கிளீவ்லாந்துக்கு வந்து இறங்கியது, அடுத்த சீசனுக்குள் பாரன்ஸ் ஃப்ளோரிடாவுக்கு ஓடியது, சீக்கிரமே இல்லாமலும் போனது. கிளீவ்லாந்து எவ்வளவு பெரிய நகரம்! ஹெர்ஷியில் இன்றைக்கும் சுமார் 14,000 பேர்தான்.

ஆட்களும் நிலைத்தார்கள். ஃபிராங்க் மாத்தர்ஸ் 1956ல் ஆடிக்கொண்டே பயிற்சி கொடுப்பவராக வந்தார், பிறகு முழுநேரப் பயிற்சியாளர், பிறகு நிர்வாகம், கடைசியில் தலைவர், 1991 வரை. மொத்தம் 35 வருஷம் ஒரே அணி. அடுத்த ஆண்டே ஹாக்கி புகழ் மன்றத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஒவ்வொரு ஏ.எச்.எல். அணிக்கும் மேலே ஒரு என்.எச்.எல். அணி உண்டு. இளம் வீரர்களைப் பழக இங்கே அனுப்புவார்கள், மேலே யாருக்காவது அடிபட்டால் இங்கிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். பல இடங்களில் அந்த மேல் அணியே கீழ் அணியின் உரிமையாளரும்கூட, அவர்களுக்கு வசதி எதுவோ அங்கே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். 2015ல் இதை மொத்தமாகவே செய்தார்கள். மேற்குப் பகுதி என்.எச்.எல். அணிகளுக்கு வீரர்களைக் கூப்பிடத் தூரமாக இருக்கிறது என்று ஒரே அறிவிப்பில் ஐந்து அணிகளைக் கலிஃபோர்னியாவுக்கு மாற்றினார்கள். மான்செஸ்டர், வொர்செஸ்டர், நார்ஃபோக் என்று வருஷக்கணக்காக டிக்கெட் வாங்கிய ஊர்களில் ரசிகர்கள் மிஞ்சினார்கள், ஏ.எச்.எல். அணி மிஞ்சவில்லை.

ஹெர்ஷியையும் இந்தக் காற்று அடிக்காமல் இல்லை. 1984 முதல் மேலே ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ் இருந்தது. 1988ல் பிளேஆஃபில் 12 ஆட்டம் ஆடி 12ஐயும் ஜெயித்த அணி அந்தக் கூட்டணியில் வந்ததுதான். 1996ல் ஃப்ளையர்ஸுக்குப் புது அரங்கம் கிடைத்தது, பழைய ஸ்பெக்ட்ரம் அரங்கம் காலியானது, அதை நிரப்ப ஃபாண்டம்ஸ் என்று சொந்தமாக ஓர் ஏ.எச்.எல். அணியைத் தொடங்கி ஹெர்ஷியைக் கைகழுவினார்கள். ஹெர்ஷி அலட்டிக்கொள்ளவில்லை, கொலராடோ அவலாஞ்சோடு கைகோத்து முதல் சீசனிலேயே, 1997ல், கோப்பையைத் தூக்கியது. 1998 கோப்பை ஃபாண்டம்ஸுக்குப் போனது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஸ்பெக்ட்ரத்தை மூடியதும் அதே ஃபாண்டம்ஸ் நியூயார்க் மாநிலத்தின் கிளென்ஸ் ஃபால்ஸுக்குப் பெட்டி கட்டியது, அங்கிருந்து 2014ல் ஆலன்டவுனுக்கு. 2005லிருந்து ஹெர்ஷிக்கு மேலே வாஷிங்டன் கேபிடல்ஸ்.

பேர்ஸ் ஏன் தப்பித்தது? உரிமையாளர் வெளியாள் இல்லை, என் கணக்கில் அது ஒன்றுதான் காரணம். மில்டன் ஹெர்ஷிக்குக் குழந்தை இல்லை. அவரும் மனைவி கேத்தரினும் 1909ல் ஆதரவற்ற பையன்களுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்கள், 1918ல் தன் சொத்தில் பெரும்பகுதியை அந்தப் பள்ளியின் அறக்கட்டளைக்கே எழுதிவைத்துவிட்டார். பேர்ஸ், அதன் அரங்கம், பக்கத்துக் கேளிக்கைப் பூங்கா, ஹோட்டல் எல்லாவற்றையும் நடத்தும் கம்பெனி அந்த அறக்கட்டளையுடையது. அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது, பெண் குழந்தைகளும் படிக்கிறார்கள். சுற்றி வளைத்துப் பார்த்தால் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்குச் சொந்தமாக ஹாக்கி டீம் இருக்கிறது. பள்ளிக்கூடம் ஊரைவிட்டு எங்கே போகும்?

நான் முதல் தடவை போனபோது பக்கத்து சீட்டில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர், கிழிந்து தைத்த பழைய சட்டை, மடியில் சீசன் டிக்கெட்டுக்காரர்கள் கொண்டுவரும் மெத்தை. எனக்கு பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) எங்கே போகிறது என்றே தெரியவில்லை. "பக்கைப் பார்க்காதே, ஆட்களின் தோளைப் பார்" என்றார். பார்த்தேன், கொஞ்சம் பிடிபட்டது. சில வாரம் கழித்து இன்னொரு ஆட்டத்தில், போன வாரம் இரண்டு கோல் போட்ட பையனைக் காணோமே என்று அவரிடம் கேட்டேன். "வாஷிங்டன் கூப்பிட்டுக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பாப்கார்னைத் தின்றார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கேட்கிற குரல். நம் ஊரில் ரஞ்சி ஆடுகிற பையன் இந்திய அணிக்குப் போவது மாதிரிதான், ஆனால் இங்கே அது செவ்வாய்க்கிழமை காலை ஒரு போன்காலில் நடக்கும், வெள்ளிக்கிழமை ஆளைத் திருப்பியும் அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் டெடி பேர் ஆட்டம். வருஷம் ஒரு நாள், ஹெர்ஷி முதல் கோல் போட்டதும் எல்லாரும் கொண்டுவந்த துணிக் கரடிகளை ஐஸ்மேல் எறிய வேண்டும், அவை சுற்றுவட்டாரத் தொண்டு அமைப்புகள் வழியாகக் குழந்தைகளுக்குப் போகும். 2023 ஜனவரியில் நான் ஒரே ஒரு கரடியோடு போய் அசடு வழிந்தேன், எல்லாரும் குப்பைப்பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கோல் விழுந்ததும் மேலடுக்கிலிருந்து பஞ்சுமழை. நான் எறிந்தது தடுப்புக் கண்ணாடியைக்கூடத் தாண்டாமல் முன்வரிசைக்காரர் தலையில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்காமலே எடுத்து உள்ளே வீசினார். வீரர்கள் மட்டையை வைத்துவிட்டுப் பொம்மைகளைத் தள்ளிக் குவிக்க, ஆட்டம் நின்றே போயிற்று. அன்றைய எண்ணிக்கை 67,309. 2025ல் 1,02,343 ஆனது. அரங்கம் 10,500 பேருக்கானது, தலைக்குப் பத்துக் கரடி!

கோப்பைகளைப் பற்றி விவரமாகச் சொன்னால் நீளும். 2009-10ல் 60 ஆட்டம் ஜெயித்துக் கோப்பை. அந்த அணியின் ஜான் கார்ல்சன் 2018ல் வாஷிங்டனுக்காக என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையும் வென்றார். 2023 இறுதிப்போட்டி ஏழாவது ஆட்டம் கலிஃபோர்னியாவில், எதிரணி கோச்செல்லா வேலியின் அரங்கத்தில் நடந்ததால் எங்களுக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. 0-2 என்று பின்தங்கி, சமன் செய்து, ஓவர்டைமில் மைக் வெக்கியோன் அடித்தார். கத்த முடியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டேன், கீழ்வீட்டில் கைக்குழந்தை. அடுத்த ஆண்டும் அதே கோச்செல்லா வேலியை வென்று அதே கோப்பை.

2002லிருந்து ஆட்டமெல்லாம் புது அரங்கத்தில்தான். அந்தத் தூணில்லாத பழைய அரங்கம் பக்கத்திலேயே இன்னும் நிற்கிறது. பொதுமக்கள் சறுக்க விடும் நாளில் ஒருமுறை போய் வாடகை ஷூ மாட்டி இறங்கினேன். பத்தடி தாண்டவில்லை. மல்லாந்து விழுந்ததில் டெடெஸ்கோவின் கூரையை நிதானமாகப் பார்க்க முடிந்தது.