வாங்கும் முன்: சனி, ஞாயிறு பாரிஸ் போன பிள்ளைகள்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியவை. லீவு நாளில் பாரிஸ் போனான், லண்டன் போனாள், இவ்வளவு பணம் போய்விட்டது என்று பெற்றோர் எழுதியிருக்கிறார்கள். நகையை அடகு வைத்தும் நிலத்தின் மேல் கடன் வாங்கியும் படிக்க அனுப்பியவர்கள் இவர்கள். ஆகவே இம்முறை முழு இடமும் இவர்களுக்கே.

கேள்வி: மகன் ஜெர்மனியில் ஆகன் நகரில் எம்.எஸ். படிக்கிறான். பாரிஸ் ரயில் நிலையத்தில் இருந்த ஏ.டி.எம்.மில் நம்மூர் வங்கி கார்டைப் போட்டு 200 யூரோ எடுத்தான். அன்றைய கணக்குக்கு 20,200 ரூபாய்தான் வரும். 22,600 எடுத்துவிட்டார்கள். வங்கியில் கேட்டால் கையை விரிக்கிறார்கள். (ஒரு தந்தை, மன்னார்குடி)

பதில்: ஐயா, தவறு உங்கள் வங்கியில் இல்லை, அந்த மெஷின் கேட்ட இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. எத்தனை யூரோ வேண்டும் என்று கேட்ட பிறகு, "உங்கள் கணக்கில் ரூபாயாகவே எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டிருக்கும். ரூபாய் என்று பார்த்ததும் நம் ஊர்ப் பிள்ளைக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் 2,400 ரூபாய் போயிருக்கிறது.

ரூபாயில் என்று ஒப்புக்கொண்டால், மாற்று விலையை நிர்ணயிப்பவர் அந்த மெஷினை வைத்திருப்பவர். அவர் தன் லாபத்தைச் சேர்த்துத்தான் விலை சொல்வார். யூரோவிலேயே என்று சொன்னால் மாற்றுவது நம் வங்கி. நம் வங்கிகளும் மூன்று, மூன்றரை சதவீதம் வரை எடுத்துக்கொண்டு அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் போடும். அப்படியும் இதைவிட எவ்வளவோ மேல். சில வங்கிகள், வெளிநாட்டில் ரூபாயில் போட்ட பில்லுக்கும் தனிக் கட்டணம் பிடிக்கின்றன. அப்போது இரண்டு பக்கமும் அடி.

நான் இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் ஆத்திரம் அடங்குவதில்லை. "சம்மதம்" என்ற பட்டன் பெரிதாகப் பச்சையில் இருக்கும். "மறுப்பு" ஓரத்தில் மங்கலாக இருக்கும். மறுப்பை அழுத்தினால் பணமே வராது என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பணம் வரும். மறுப்பது ரூபாய்க் கணக்கை மட்டும்தான். ஹோட்டலிலும் கடையிலும் இதே கதை. அங்கே சிப்பந்தியே பட்டனை அழுத்திவிட்டு மெஷினை நீட்டுவார். ரூபாய்த் தொகை தெரிந்தால், ரத்து செய்துவிட்டு யூரோவில் போடச் சொல்ல வேண்டும்.

விருப்பம் கேட்காமலே ரூபாயில் போட்டிருந்தால், சீட்டோடு வங்கியில் புகார் கொடுங்கள். விசா, மாஸ்டர்கார்டு விதிப்படி கார்டு வைத்திருப்பவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். மகன் சம்மதம் அழுத்தியிருந்தால் திரும்பி வருவது கஷ்டம். இன்னொன்று: ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைக்கு அங்கேயே யூரோ கணக்கு இருக்குமே? அந்தக் கார்டு இருக்கும்போது நம்மூர் கார்டை ஏன் எடுத்தான் என்று கேளுங்கள்.

கேள்வி: மகள் இங்கிலாந்தில் லெஸ்டரில் படிக்கிறாள். பாரிஸுக்கு ரயில் டிக்கெட், விடுதி எல்லாம் போட்டுவிட்டுப் போனால், லண்டன் நிலையத்திலேயே பிரான்ஸ் விசா இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: கிடைக்காது.

இங்கிலாந்தின் மாணவர் விசா இங்கிலாந்துக்கு மட்டும். பாரிஸ் போக, ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வாங்க வேண்டும். கட்டணம் 2024 முதல் 90 யூரோ. பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தியதற்கு நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது? ஜெர்மனியிலோ இத்தாலியிலோ குடியிருப்பு அட்டையோடு படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 180 நாளில் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போய் வரலாம். பாஸ்போர்ட்டும் அட்டையும் கையில் இருக்க வேண்டும். அவர்கள் லண்டன் போக வேண்டுமானால் அதற்கு வேறு விசா.

கேள்வி: லண்டன் மெட்ரோவில் மூன்று ஸ்டேஷன்தான் போனாள். கார்டில் பல மடங்கு பிடித்திருக்கிறது. (பட்டுக்கோட்டை)

பதில்: இறங்கும்போது கார்டைத் தொட்டிருக்க மாட்டாள், அல்லது ஏறும்போது கார்டையும் இறங்கும்போது போனையும் காட்டியிருப்பாள். ஏறிய இடமும் இறங்கிய இடமும் ஒரே கணக்கில் சேராவிட்டால் அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துவிடுவார்கள்.

கேள்வி: பெர்லினில் படிக்கும் மகன் பாரிஸிலிருந்து ஞாயிறு இரவு திரும்ப வேண்டிய விமானம் கடைசி நேரத்தில் ரத்து. இயந்திரக் கோளாறாம். 60 யூரோ டிக்கெட்டுக்கு வவுச்சர் அனுப்பிவிட்டு ஆளையே காணோம். இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்து, காலையில் 140 யூரோ கொடுத்து வேறு டிக்கெட் வாங்கினான். (ஒரு தாய், மயிலாடுதுறை)

பதில்: அம்மா, உங்கள் மகன் ஏமாற்றப்பட்டிருக்கிறான். விடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வவுச்சரை அவன் சம்மதிக்காமல் தலையில் கட்ட முடியாது. டிக்கெட் பணத்தை 7 நாளுக்குள் தர வேண்டும், அல்லது மாற்று விமானம் ஏற்பாடு செய்ய வேண்டும். ஏற்பாடு செய்யாமல் கைவிட்டதால் அந்த 140 யூரோவைக் கேட்கலாம். இரவுச் சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. இதற்கு மேல் இழப்பீடு: 1,500 கிலோமீட்டருக்குள் என்றால் 250 யூரோ. பாரிஸ்–பெர்லின் அதற்குள் அடங்கும். புயல், பனி என்றால் இழப்பீடு கிடையாது. சாதாரண இயந்திரக் கோளாறுக்கு உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் ஒரு பைசா குறையாது, சட்டம் நாட்டைப் பார்ப்பதில்லை. நிறுவனத்தின் இணையப் பக்கத்திலேயே நேராக எழுதட்டும். வாங்கித் தருகிறோம் என்று வருபவர்கள் பங்கு கேட்பார்கள்.

கேள்வி: மகனுக்கு 23 வயது, மியூனிக்கில் படிக்கிறான். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்கு ஒரு இணையதளத்தில் 48 யூரோ கட்டி டிக்கெட் வாங்கினான். சரியான விலைதானா? (திருவாரூர்)

பதில்: அவனுக்கு விலையே கிடையாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குடியிருப்பு அட்டை உள்ள 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே இலவசம். அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் நேரம் பதிந்துகொண்டு, அட்டையைக் காட்ட வேண்டும். இடைத்தரகர் தளத்தில் கட்டியது போனதுதான்.

கேள்வி: பாரிஸில் மலைமேல் இருக்கும் வெள்ளைத் தேவாலயத்தின் படிக்கட்டில் ஒருவன் என் மகள் கையில் வண்ணக் கயிறு கட்டிவிட்டு 20 யூரோ பிடுங்கிக்கொண்டான். அவள் அப்பா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். (தஞ்சாவூர்)

பதில்: திட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கயிறு என்றால் கையை நீட்டு என்று சிறுவயதிலிருந்து கோயிலில் பழக்கியது நாம்தான். முடிச்சு விழுந்ததும் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள், தனியாக நிற்கும் பெண் என்ன செய்வாள்? அடுத்த முறை அந்தப் படியில் ஏறும்போது கை இரண்டும் சட்டைப் பைக்குள் இருக்கட்டும்.

கேள்வி: வாரக்கடைசிப் பயணத்துக்கு எடுத்துப் போக மகனுக்குச் சின்ன டிராலி வாங்கி அனுப்பலாமா? (நாகப்பட்டினம்)

பதில்: வேண்டாம். நான் அனுபவப்பட்டவன். 2022-இல் தஞ்சையில் ஒரு கடையில் "கேபின் சைஸ்" என்று ஒட்டியிருந்த டிராலியை 3,400 ரூபாய்க்கு மகளுக்கு வாங்கினேன். மலிவு விமானத்தில் ஏறும் இடத்தில் ஒரு இரும்புக் கூண்டு இருக்குமாம். பை அதற்குள் முழுதாக இறங்க வேண்டும். என் டிராலியின் இரண்டு சக்கரங்களும் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. பின்னால் வரிசை காத்திருக்க, அவள் டிக்கெட்டைவிட அதிகமாகப் பைக்குக் கட்டினாள். அந்த டிக்கெட்டில் இலவசம் என்பது இருக்கைக்கு அடியில் போகும் பைக்கு மட்டும். துணிப்பையே போதும். வாங்கும் முன் டிக்கெட்டில் போட்டிருக்கும் அளவை டேப் வைத்துப் பாருங்கள், கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரை அல்ல.

கேள்வி: நாங்கள் சிலை வார்க்கும் குடும்பம். பர்மிங்காமில் படிக்கும் மகன் லண்டன் போனபோது போர்ட்டபெல்லோ சாலைச் சனிக்கிழமைச் சந்தையில், சோழர் காலத்து நந்தி என்று சான்றிதழோடு 60 பவுண்டுக்கு வாங்கியிருக்கிறான். வீடியோவில் பார்த்தேன். காதுக்குப் பின்னால் புது அரம் ஓடிய கோடு தெரிகிறது. எனக்கு எங்கள் தெரு வேலை மாதிரி இருக்கிறது. (சுவாமிமலை)

பதில்: மெழுகில் சிலை பிடித்துப் பழகிய உங்கள் கண்ணைவிட நல்ல சான்றிதழ் வேறு இல்லை. அது புதுசு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஒரு ஆறுதலும் உண்டு. உண்மையிலேயே பழசாக இருந்தால், எந்தக் கோயிலிலிருந்து போனது என்ற கேள்வி வரும். நம் டெல்டாவின் பத்தூர் நடராஜரை 1976-இல் மண்ணிலிருந்து எடுத்து, கைமாற்றிக் கைமாற்றி லண்டன் வரை கொண்டுபோய், 1982-இல் பொய்யான பூர்வீகக் காகிதத்தோடு ஒரு கனடா நிறுவனத்துக்கு விற்றார்கள். வழக்கு நடந்து, 1991-இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கோயிலுக்கே உரிமை என்றது. வாங்கியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வாங்கினார்கள். சிலையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

உங்கள் மகன் காரியத்துக்கு வருவோம். விற்றவர் வியாபாரி என்றால், சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப்பணம் கேட்க இங்கிலாந்தின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் இடம் கொடுக்கிறது. "சோழர் காலம்" என்று எழுதிக் கொடுத்ததே விற்றவருக்கு எதிரான சாட்சி. அடுத்த சனிக்கிழமையே அதே கடைக்குப் போகச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தை முதலில் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டுப் போகட்டும்.