பின்பனிக்காலச் சமையல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மாசி பாதி கடந்துவிட்டது. விடியற்காலையில் பனி, பதினோரு மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். இந்த நேரத்தில் ஆயுர்வேதப்படி அடுப்படியில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (திருச்சி): பனிக்காலத்தில் உளுந்தங்களி, எள்ளுருண்டை, நெய் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இப்போது குறைக்கச் சொல்கிறீர்களே, ஏன் மேடம்?

அப்போது சொன்னதும் சரி, இப்போது சொல்வதும் சரி. வெளியே குளிர் இருக்கும்போது உடம்புச் சூடு உள்ளே ஒடுங்கி, ஜாடராக்கினி என்கிற செரிமான நெருப்பு பலமாக எரியும். கனமான சாப்பாட்டையும் அது செரித்துவிடும். ஆனால் அந்தக் கனத்தோடு, சளியும் மந்தமும் தருகிற கபமும் சேர்ந்துகொண்டே வரும். சிசிரத்தில் (பின்பனியில்) சேர்ந்த கபம் வசந்தத்தின் (இளவேனிலின்) வெயில் பட்டு இளகி, அக்கினியைக் கெடுத்து நோய்களை உண்டாக்கும் என்று அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலில், சூத்திர ஸ்தானம் என்ற பகுதியின் 3ஆம் அத்தியாயத்தில், அதன் ஆசிரியர் வாக்படர் சொல்கிறார். மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் பாட்டில் வெயிலில் இளகுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். காலையில் தொண்டையில் கோழை, மூக்கொழுகல், சாப்பிட்டதும் மந்தம் என்று இப்போது பலருக்கும் வருவது இதனால்தான்.

அதற்காக நாளையே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். போகிற பருவத்தின் கடைசி 7 நாளும் வருகிற பருவத்தின் முதல் 7 நாளும் ருதுசந்தி, அதாவது பருவங்கள் சந்திக்கும் நாட்கள். பழைய வழக்கத்தை அந்த நாட்களில் படிப்படியாக விட்டு, புதியதைப் படிப்படியாகப் பிடிக்க வேண்டும். சட்டென்று மாற்றினால் அதுவே உபாதை தரும் என்றும் அதே அத்தியாயம் எச்சரிக்கிறது. முதலில் ராத்திரிச் சாப்பாட்டில் இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறையுங்கள். பகல் சாப்பாடு பிறகு மாறட்டும்.

கேள்வி (டொராண்டோ): இங்கே இன்னும் பனி கொட்டுகிறது அக்கா. நானும் மாசி மாதத்துக்கு உரியதைத்தான் சாப்பிட வேண்டுமா?

வேண்டாம் தம்பி. பின்பனி மாசியும் பங்குனியும் என்பது நம் ஊர்க் கணக்கு. சாப்பாட்டை முடிவு செய்வது உங்கள் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற குளிரும் உங்கள் பசியும்தான். வீட்டுக்குள் ஹீட்டர் வேறு ஓடுவதால் தோலும் தொண்டையும் வறண்டிருக்கும். நெய், ஆட்டுக்கால் சூப், சூடான பருப்புக் கடைசல் எல்லாம் தொடரட்டும். பனி உருகித் தெருவில் தண்ணீர் ஓட ஆரம்பிக்கும்போது மற்ற பதில்களை எடுத்துப் படியுங்கள்.

கேள்வி (மன்னார்குடி): வீட்டில் எல்லாம் இந்தத் தை அறுவடை நெல்தான். புது அரிசி கபம் என்கிறார்கள். வாங்கவா முடியும்?

புது அரிசி கனம்தான், ஒரு வருடமாவது இருந்த அரிசிதான் லேசு. இருக்கிற அரிசியை லேசாக்க வழி இருக்கிறது. வெறும் வாணலியில் சின்னத் தணலில் வறுங்கள். கையில் எடுத்தால் சூடு தாங்காத பதம் வரவேண்டும், நிறம் மாறக் கூடாது. ஆறவிட்டு, அதிகத் தண்ணீர் வைத்து வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிடுங்கள். குக்கரில் குழைய வைத்தால் பலன் பாதிதான். ராத்திரிக்கு இதே வறுத்த அரிசியை நொய்யாக உடைத்து, பாசிப்பருப்பு, சுக்குத்தூள், சீரகம் சேர்த்துக் கஞ்சி வைக்கலாம். காய்ச்சல் விட்டவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

கேள்வி (ஈரோடு): கொள்ளு ரசம் தினமும் வைக்கலாமா? எங்கள் வீட்டில் கசப்பும் வாடையும் வருகிறது.

வறுக்காமல் வைத்தால் பச்சை வாடை வரும், கருகினால் கசக்கும். ஒரு கைப்பிடிக் கொள்ளை, படபடவென்று வெடித்து மண் வாசம் மாறும்வரை வறுத்து ராத்திரி ஊற வையுங்கள். காலையில் நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்தெடுங்கள். மிளகும் சீரகமும் ஒவ்வொரு ஸ்பூன், பூண்டு 4 பல், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. இவற்றை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள், மிக்ஸியில் மையாக அரைத்தால் ருசி போய்விடும். வெந்த கொள்ளில் ஒரு கரண்டி மட்டும் அரைத்து, கொஞ்சம் புளிக்கரைசலோடு அந்தத் தண்ணீரில் விட்டு, பச்சை வாசம் போனதும் தட்டியதைப் போடுங்கள். நுரை கூடி விளிம்பில் ஏறும்போதே இறக்கிவிட வேண்டும். தாளிக்க அரை ஸ்பூன் நெய் போதும். மீதிக் கொள்ளு சுண்டலுக்கு.

வாரம் மூன்று நாள் போதும். கொள்ளு கபத்தைத் தணிக்கும், உடம்புச் சூடான பித்தத்தையும் ரத்தத்தையும் தூண்டும். நெஞ்செரிச்சல், குடல்புண், மூக்கில் ரத்தம் வருவது, அதிக உதிரப்போக்கு உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம். பாசிப்பயறு ரசம் வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி (சென்னை): தயிர் இல்லாமல் இவருக்குச் சாப்பாடு இறங்காது. என்ன செய்ய?

ராத்திரித் தயிரை மட்டும் உறுதியாக நிறுத்துங்கள். பகலில் அதே தயிரைக் கடைந்து, வெண்ணெய் எடுத்து, தண்ணீர் விளாவி மோராகக் கொடுங்கள். சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி மூன்றையும் சம அளவு பொடித்து, ஒரு தம்ளருக்குக் கால் ஸ்பூன் போட்டால் கபத்துக்கு அதுவே மருந்து. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றிக் கொடுப்பது வேண்டாம்.

கேள்வி (மதுரை): என் பிள்ளைக்கு 8 மாதம். சளிக்குத் தேன் தடவச் சொல்கிறார் பாட்டி.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, ஒரு சொட்டுகூட. அபூர்வமாக அதிலிருந்து உயிருக்கே ஆபத்தான நோய் வரும். சளியோடு மூச்சு இரைத்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே குழந்தை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். பெரியவர்கள் தேனைச் சேர்ப்பதானால் வெந்நீர் நன்றாக ஆறிய பிறகுதான். கொதிக்கிற எதிலும் தேன் விடக் கூடாது.

கேள்வி (சேலம்): காய்கறி?

முருங்கைக்காய், பிஞ்சு முள்ளங்கி, பாகற்காய், கத்தரிப் பிஞ்சு. சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும். பங்குனியில் வேம்பு பூக்க ஆரம்பித்ததும் ரசத்துக்கு வேப்பம்பூ.

கேள்வி (நாகர்கோவில்): மாமியாருக்கு 78 வயது. ஒல்லி, தோல் வறட்சி, மலச்சிக்கல். நெய்யை நிறுத்தி, தினமும் கொள்ளு கொடுக்கிறோம். தூக்கமும் போய்விட்டது என்கிறார்.

இன்றே கொள்ளை நிறுத்துங்கள் அம்மா. மேலே சொன்ன குறைப்பெல்லாம் கபம் சேர்ந்த உடம்புக்கு. இவருக்கு இருப்பது வறட்சியைக் கூட்டுகிற வாதம், வயதே அதற்குக் காரணம். சூடான குழைந்த சாதம், ஒரு ஸ்பூன் நெய், பாசிப்பருப்பு, முருங்கைக்கீரைத் தண்ணிச்சாறு கொடுங்கள். படுக்கும் முன் வெதுவெதுப்பான பால் செரிக்குமானால் அதுவும். உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்துவிடுங்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுக்கிறார் என்றால் அளவை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் மலச்சிக்கல் தீராவிட்டால் நேரில் காட்டுவதுதான் நல்லது.