சேர்ச்சில் ஃபெலோஷிப்: ஆதரவுப் பணியாளர்களின் கேள்விகளும் பதில்களும்

மெல்பேர்ணில் பதினேழு ஆண்டுகளாக மாற்றுத்திறனாளிகளுக்கான ஆதரவுப் பணியில் இருக்கிறேன். வெளிநாடு சென்று பயின்றுவர வழங்கப்படும் சேர்ச்சில் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் சக பணியாளர்களின் வரைவுகளை வாசித்துக் கொடுப்பதும் வழக்கம். எனக்கு அனுப்பப்பட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை; கேட்டவரின் ஊர் அடைப்புக்குறிக்குள் உள்ளது.

அக்கா, என்னிடம் சேர்ட்டிபிக்கட் 3 என்ற தொழிற்பயிற்சிச் சான்றிதழ் மட்டுமே உள்ளது. இது பட்டதாரிகளுக்கு உரியதல்லவா? (டண்டினோங்)

இல்லை, தங்கச்சி. 1965 பெப்ரவரியில் அவுஸ்திரேலியா முழுவதும் வீடு வீடாகச் சென்று திரட்டிய பணத்தில் தொடங்கிய நிதியம் இது. விண்ணப்பிப்பவரிடம் பட்டம் கேட்பதில்லை. நான்கு முதல் எட்டு வாரங்கள் வரை வெளிநாட்டில் தங்கி, இங்கே விடை கிடைக்காத ஒன்றைத் தேடிக் கற்று வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே உங்கள் சான்றிதழைவிட உங்கள் கேள்வியே முக்கியம். "சுவீடனில் உள்ள சேவைகளைப் பார்க்க விரும்புகிறேன்" என்று எழுதினால் அது சுற்றுலாத் திட்டமாகவே வாசிக்கப்படும். "பேச்சு இல்லாத ஒருவர் வலியில் இருக்கிறார் என்பதை, அவரை முன்பின் அறியாத இரவுப் பணியாளர் எப்படிக் கண்டுகொள்வது?" என்பது கேள்வி, ஏனென்றால் அது நீங்கள் விடியும்வரை ஒரு கட்டிலருகே அமர்ந்திருந்து பெற்றது, அதை வேறு எவராலும் உங்களுக்காக எழுதித் தர முடியாது. எந்த நாடு, எந்த நிறுவனம் என்பதையெல்லாம் அதன் பிறகு தேடுங்கள்.

நிரந்தர வதிவுரிமை உள்ளவர் விண்ணப்பிக்கலாமா? (பென்டில் ஹில்)

முடியாது. அவுஸ்திரேலியக் குடியுரிமை வேண்டும்.

நான் கசுவல் (நிரந்தரமற்ற) பணியாளர். ஆறு வாரம் போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வேன்? (கிளேட்டன்)

இந்தக் கேள்வியைப் பலர் கேட்கத் தயங்கி, விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். விமானச் சீட்டும் அங்கே தங்கி உண்ணும் செலவும் கிடைக்கும். இங்கே இழக்கும் சம்பளம் கிடைக்காது. கசுவல் பணிக்குச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறையும் கிடையாது. ஆனால் விக்டோரியாவில் 2019 யூலை முதல், நிறுவனம் மாறினாலும் கூடவே வரும் நீண்டகாலச் சேவை விடுமுறைத் திட்டம் சமூக சேவைத் துறைக்கு நடைமுறையில் உள்ளது. அது கசுவல் பணியாளர்களுக்கும் உரியது. ஏழு ஆண்டுச் சேவை நிறைந்தபின் அந்த விடுமுறையை எடுக்கலாம். உங்கள் பணிநாள்கள் அத்திட்டத்தில் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று இன்றே பாருங்கள்.

முதுகலைப் படிப்புக் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாமா?

பட்டம் பெறுவதற்கான நிதி இதுவன்று.

நான் சக்கர நாற்காலியில் வாழ்பவன். எங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கற்க ஏன் பணியாளர்களை அனுப்ப வேண்டும்? நாங்களே போகலாமே. (வென்ட்வேர்த்வில்)

தம்பி, நீங்கள் தாராளமாகப் போகலாம். உங்களுக்கும் இதே ஃபெலோஷிப் திறந்திருக்கிறது, விண்ணப்பியுங்கள் என்று உளமாரச் சொல்கிறேன். உங்கள் கேள்வியின் அடியில் இருக்கும் நியாயத்தையும் ஏற்கிறேன். சுவீடனில் 1994இல் நடைமுறைக்கு வந்த சட்டம், தனக்குத் துணை நிற்பவரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை மாற்றுத்திறனாளிக்கு வழங்கியது; அதற்குப் பத்தாண்டுகள் முன்பே ஸ்டொக்ஹோமில் மாற்றுத்திறனாளிகளே கூட்டுறவு அமைத்து அதற்காகப் போராடத் தொடங்கியிருந்தார்கள். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், முதுகுத்தண்டு காயத்தால் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். பணியாளர் இத்தகைய இடங்களுக்குச் சென்று முதலில் கற்க வேண்டியது, மற்றவர் முடிவெடுக்கத் தான் காத்திருப்பது எப்படி என்பதை.

நாங்கள் முதுகு ஒடிய உழைக்கிறோம். எங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் குறை கூறல்? (டண்டினோங், மேலே உள்ள பதிலுக்கு)

குறை கூறவில்லை, தங்கச்சி. ஒருவரைத் தூக்கி அமர்த்தும்போது அவருடைய உடல் இறுகுவதை உணர்ந்து கை நிற்கும் அறிவு பணியாளரிடமே இருக்கிறது. இத்துறையில் அந்த அறிவை எவரும் மதிப்பதில்லை என்பதால்தான் நீங்கள் போக வேண்டும் என்கிறேன். ஆனால், நீங்கள் துணை நிற்கும் ஒருவரிடம், "நான் எதைக் கற்று வர வேண்டும்?" என்று கேட்காமல் எழுதிய வரைவை எனக்கு அனுப்பாதீர்கள்.

அது நியாயம். இருவரும் சேர்ந்து போக முடியுமா? (வென்ட்வேர்த்வில்)

இருவரும் தனித்தனியே விண்ணப்பித்து, ஒரே கேள்வியை இரு பக்கங்களிலிருந்தும் எழுதலாம். இருவருக்கும் கிடைக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. ஆயினும், அப்படி ஒரு வரைவு வந்தால் இரவிரவாக இருந்து வாசிப்பேன்.

பிரிட்ஜிங் விசாவில் (விசா முடிவு வரும்வரை தரப்படும் தற்காலிக விசாவில்) இருப்பவர் விண்ணப்பிக்கலாமா?

குடியுரிமை பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

ஒருவர் பணம் பெற்றுக்கொண்டு விண்ணப்பம் எழுதித் தருவதாகச் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். நேர்முகத்தில் உங்கள் கேள்வியை நீங்களே விளக்க வேண்டியிருக்கும்.

அங்கே எடுத்த படங்களை அறிக்கையில் சேர்க்கலாமா? (கிளேட்டன்)

அறிக்கை எல்லோரும் வாசிக்கும்படி இணையத்தில் வெளியாகும். குளிப்பாட்டும்போது, உணவூட்டும்போது, படுக்கையில் இருக்கும்போது எடுத்த எந்தப் படமும் வேண்டாம். நிறுவனம் அனுமதித்தது என்பது போதாது. படத்தில் இருப்பவர், தனக்குப் புரியும் வழியில் கேட்கப்பட்டு, தானே சம்மதித்திருக்க வேண்டும். அவருடைய சம்மதம் உங்களுக்குத் தெளிவாகவில்லையென்றால், கருவியையோ அறையையோ படமாக எடுங்கள்.

பயணத் திட்டத்தில் எத்தனை நாடுகள் இருக்கலாம்?

ஆறு வாரத்துக்கு இரண்டு போதும்.