அடுப்படிக் கேள்வி–பதில்: சில்லியில் டோஃபு ஏன் கரைந்தது?

கேள்வி: மகன் வீட்டில் ஆறு மாதம் இருக்கலாம் என்று வந்திருக்கிறேன். சிநேகிதன் வீட்டில் சில்லி சாப்பிட்டுவிட்டு வந்த பேரன், "நம்ம வீட்டில் சைவமாகச் செய்து தா பாட்டி" என்றான். டோஃபுவைப் பன்னீர் மாதிரி துண்டு போட்டு, கொதிக்கிற குழம்பில் சேர்த்து முக்கால் மணி நேரம் வைத்தேன். ஓரமெல்லாம் உதிர்ந்து, திரிந்த பால் மாதிரி மிதந்தது. மிஞ்சிய துண்டுகளில் உப்பும் ஏறவில்லை, உறைப்பும் ஏறவில்லை. சோப்புக்கட்டியைக் கடித்த மாதிரி இருந்தது. எங்கே தப்பு செய்தேன்?
— வாசகி, டாலஸ்

பதில்: சோப்புக்கட்டி என்று எழுதினீர்களே, படித்ததும் சிரித்துவிட்டேன். நானும் அந்தச் சோப்பைக் கடித்தவள்தான்.

உங்கள் கைமேல் குற்றமில்லை. டோஃபுவைப் பன்னீராக நினைத்ததுதான் வினை. இந்தியக் கடைகளில் 'சோயா பன்னீர்' என்றே பேர் போட்டு விற்பதால் எல்லோருக்கும் வரும் குழப்பம் இது. டெக்சஸ்காரர்களின் சில்லி என்பது மாட்டிறைச்சியையும் காய்ந்த மிளகாய் விழுதையும் மணிக்கணக்கில் கொதிக்கவைத்த கெட்டிக் குழம்பு. அதில் இறைச்சி மூன்று வேலை பார்க்கிறது: பல்லுக்கு மெல்ல ஏதாவது கொடுக்கிறது, கொழுப்பை விடுகிறது, சாறு இறங்கிக் குழம்பைக் கனமாக்குகிறது. டோஃபு தானாக இந்த மூன்றில் ஒன்றையும் செய்யாது. அதில் பெரும்பகுதி தண்ணீர். தளும்பத் தளும்ப இருக்கிற குடத்தில் இன்னும் ஊற்றினால் வழியத்தானே செய்யும்? மசாலா உள்ளே போகாததற்குக் காரணம் அதுதான்.

ஆகவே முதலில் அந்தத் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். 'எக்ஸ்ட்ரா ஃபர்ம்' என்று போட்ட 14 அவுன்ஸ் பாக்கெட் இரண்டு வாங்குங்கள். 'சில்கன்' என்ற குழைவான வகை வேண்டவே வேண்டாம், அது பாயசத்துக்குத்தான் லாயக்கு. பாக்கெட்டோடு அப்படியே ஃப்ரீசரில் ஒரு ராத்திரி. காலையில் பார்த்தால் மஞ்சள் பூத்துக் கிடக்கும். கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உருகினதும் மறுபடி வெளுத்துவிடும். உள்ளிருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகும்போது டோஃபுவைக் குத்திக் கிழித்துக்கொண்டு வளர்கிறது. பனி உருகியதும் அந்த இடமெல்லாம் ஓட்டையாக நின்றுவிடுகிறது. மாவாக இருந்த சமாச்சாரம் பஞ்சாக மாறிவிடும். ஜப்பானில் கோயா மலைப் பேரிலேயே இப்படி உறையவைத்துக் காயவைக்கும் டோஃபு ஒன்று உண்டு, நெடுங்காலப் பழக்கம்.

உருகிய பிறகு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிழியுங்கள். புளி பிழிந்த கைதானே, சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பாக்கெட்டுக்கு அரை டம்ளர் தண்ணீராவது இறங்கும். அப்புறம் கத்தி வேண்டாம், விரலாலேயே பிய்த்து உதிருங்கள். சுண்டைக்காய் அளவில் சில, கடலைப்பருப்பு அளவில் சில. ஒரே அளவில் இருந்தால் கடிக்கும்போது அலுத்துப்போகும்.

இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட், மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் அமெரிக்கச் சில்லி பவுடர் (நம் மிளகாய்த்தூள் இல்லை, அடுத்த பதிலைப் பாருங்கள்). எல்லாவற்றையும் உதிர்த்த டோஃபுவில் பிசறி, தட்டில் பரப்பி, 400 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் அரை மணி நேரம். நடுவில் ஒரே ஒரு தடவை கிளறினால் போதும். பக்கோடா பொரித்த சட்டியின் அடியில் தங்குகிற தூள் மாதிரி ஓரங்கள் கருஞ்சிவப்பாக வேண்டும். "ஐயோ, தீய்ந்துவிடுமோ" என்று தோன்றும்போது இன்னும் நாலு நிமிடம் விடுங்கள்.

குழம்பைத் தனியாகச் செய்யுங்கள். கால் கப் எண்ணெயில் இரண்டு வெங்காயம், ஒரு குடைமிளகாய், ஒரு ஹலபீன்யோ பச்சைமிளகாய், ஆறு பல் பூண்டு. எண்ணெயில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், இறைச்சி விட வேண்டிய கொழுப்புக்கும் சேர்த்து நாம்தான் ஊற்ற வேண்டும். மூன்று மேசைக்கரண்டி சில்லி பவுடரை அந்த எண்ணெயிலேயே அரை நிமிடம் வதக்கி, 28 அவுன்ஸ் தக்காளி டப்பா ஒன்று, வேகவைத்த ராஜ்மா இரண்டு டப்பா, ஒரு கப் தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் முக்கால் மணி நேரம். டோஃபுவைக் கடைசி கால் மணியில் போடுங்கள். இறக்குமுன் மெக்சிகோக்காரர்களின் சோள மாவு, 'மாசா ஹரீனா', இரண்டு கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றினால் குழம்பு சேர்ந்து வரும். சுட்ட சோளத்தின் வாசனை வீடு முழுக்க நிற்கும். மேலே எலுமிச்சை பிழியுங்கள். பேரன் என்ன சொன்னான் என்று எழுதுங்கள்.

கேள்வி: அமெரிக்கக் குறிப்பு ஒன்றில் மூன்று மேசைக்கரண்டி சில்லி பவுடர் என்று இருந்தது. போட்டேன். வீட்டில் யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. அந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு காரமா சாப்பிடுகிறார்கள்?
— வாசகி, கோவை

பதில்: இல்லவே இல்லை! நீங்கள் போட்டது மிளகாய்த்தூள், அவர்கள் சொன்னது மசாலாத்தூள். அமெரிக்காவில் 'சில்லி பவுடர்' என்று விற்பதில் காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஆரிகானோ, பூண்டுத்தூள் எல்லாம் கலந்திருக்கும். நம் சாம்பார் பொடி மாதிரி ஒரு கலவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1890-களில் டெக்சஸின் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மன்காரர் இதைப் பொடித்துக் குப்பியில் அடைத்து விற்க ஆரம்பித்தார்.

நான் ஆஸ்டினுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், கணவரின் அலுவலக விருந்துக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய குண்டு மிளகாய்த்தூளை மூன்று கரண்டி போட்டுச் சைவ சில்லி செய்தேன். முதல் கரண்டியை வாயில் வைத்த மனிதர் நல்லவர், ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பாத்திரம் போன எடையில் திரும்பி வந்தது.

கோவையில் நீங்களே கலந்துகொள்ளலாம். ஒன்றரை மேசைக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள், இரண்டு தேக்கரண்டி வறுத்துப் பொடித்த சீரகம், ஒரு தேக்கரண்டி ஆரிகானோ, ஒரு தேக்கரண்டி பூண்டுத்தூள். இது அந்த மூன்று மேசைக்கரண்டிக்கு ஈடு. பீட்சாவோடு வரும் ஆரிகானோ பொட்டலங்கள் எல்லார் வீட்டு டிராயரிலும் கிடக்கின்றன, அவற்றுக்கு ஒரு வழி பிறக்கட்டும். கற்பூரவல்லிக்கு 'கியூபன் ஆரிகானோ' என்று ஆங்கிலத்தில் பேர் உண்டே என்று நினைத்து ஒரு தடவை அதைக் கிள்ளிப் போட்டேன். சளிக் கஷாயம்தான் கிடைத்தது.

கேள்வி: ராஜ்மா மாதிரி பீன்ஸ் போட்டால் அது சில்லியே இல்லை என்று ஒரு டெக்சஸ்காரர் என்னிடம் சண்டைக்கு வந்தார். நிஜமா?
— வாசகர், ஹியூஸ்டன்

பதில்: அவர் கணக்கில் நிஜம்தான். 1977-இல் சட்டமன்றமே சில்லியை மாநில உணவாக அறிவித்த ஊர் இது. 1967-இல் டெக்சஸின் டெர்லிங்குவா ஊரில் தொடங்கிய சில்லிப் போட்டியின் வழிவந்த பந்தயங்களில் பெரும்பாலும் பீன்ஸைச் சேர்க்க விடுவதில்லை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த டெக்சஸ்காரர் லிண்டன் ஜான்சன் வீட்டுக் குறிப்பிலும் பீன்ஸ் கிடையாது. ஆனால் இறைச்சியே இல்லாத நம் பாத்திரத்தை எப்படியும் அவர்கள் சில்லி என்று ஒப்புக்கொள்ளப் போவதில்லை. பிறகு பீன்ஸுக்கு மட்டும் எதற்குப் பயப்பட வேண்டும்? தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி: ஊறவைத்த ராஜ்மாவை நேரே ஸ்லோ குக்கரில் போட்டு, டோஃபு சில்லியை அதிலேயே செய்யலாமா?
— வாசகி, நியூ ஜெர்சி

பதில்: கூடாது. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வேகாத சிவப்பு ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. ஸ்லோ குக்கரின் சூடு அதை அழிக்கப் போதாது. அரைவேக்காட்டு ராஜ்மா நாலைந்து தின்றாலே சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் வரலாம். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகு எந்தப் பாத்திரத்தில் வேண்டுமானாலும் போடுங்கள். பிரஷர் குக்கரில் வேகவைத்தாலும் சரி. டப்பா ராஜ்மா வெந்தே வருகிறது, அதில் கவலையில்லை.

கேள்வி: டோஃபுவுக்குப் பதில் மீல் மேக்கர்?
— வாசகர், திருச்சி

பதில்: போடலாம். வெந்நீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்து, மிக்ஸியில் இரண்டே சுற்று. எனக்கென்னவோ அதன் வாசனை பிடிப்பதில்லை, வீட்டுக்காரருக்குப் பிடிக்கும். எது போட்டாலும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்து, மறுநாள் காலையில் முறுகலான தோசைக்கு நடுவில் மசாலாவாக வைத்துப் பாருங்கள். ராத்திரி சாப்பிட்டதைவிட அதற்குத்தான் எங்கள் வீட்டில் அடிபிடி.