விடை சரி, மதிப்பெண் ஏன் குறைந்தது?

கேள்வி: ஹாஸ்கெல் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கான லேபில் ஒரு லிஸ்டைத் திருப்பிப் போடும் ஃபங்ஷன் எழுதினேன். லெங்த் பூஜ்யமா என்று இஃப் போட்டுக் கேட்டு, இல்லையென்றால் முதல் உருப்படி போக மீதியான டெயிலைத் திருப்பி, இரண்டு லிஸ்டை இணைக்கும் பிளஸ் பிளஸ் போட்டு, முதல் உருப்படியான ஹெட்டைக் கடைசியில் ஒட்டினேன். விடை சரியாகவே வருகிறது. 'ஸ்டைல் சரியில்லை' என்று மட்டும் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். எதை மாற்றுவது?
– கல்லூரி மாணவி, கடலூர்

பதில்: எங்கே சரியில்லை என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் மதிப்பெண்ணை வெட்டினால் மாணவி எதைத் திருத்துவார்?

முதல் கோளாறு லெங்த். லிஸ்ட் காலியா என்று தெரிய வாசலில் எட்டிப் பார்த்தாலே போதும். லெங்த் கடைசிவரை எண்ணிவிட்டு வரும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும். 1000 உருப்படிக்கு மொத்தம் 5,00,500 முறை எண்ணும். பிளஸ் பிளஸ் தன் இடப்பக்க லிஸ்டை ஒவ்வொரு முறையும் நகலெடுக்கும், அது 4,99,500 நகல். மொத்தம் 10 லட்சம். 1000 சுற்றில் முடிய வேண்டிய வேலை இது.

இஃப், ஹெட், டெயில் மூன்றையும் தூக்கிவிடுங்கள். 'வேர்' (where) போட்டு, அதுவரை சேர்ந்த விடையான கையிருப்பு ஒன்றைச் சுமந்து செல்லும் துணை ஃபங்ஷனை இரண்டே வரியில் எழுதுங்கள். காலி லிஸ்ட் வந்தால் கையிருப்பே விடை. எக்ஸ் கோலன் எக்ஸ்எஸ், அதாவது முதல் உருப்படி எக்ஸ், மீதி எக்ஸ்எஸ் என்று வந்தால், எக்ஸைக் கையிருப்பின் தலையில் வைத்து, மீதியோடு தன்னையே அழைக்க வேண்டும். கடலூர், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று கொடுத்துப் பாருங்கள். கையிருப்பில் முதலில் கடலூர் விழும்; அதன் முன்னால் கிருமாம்பாக்கம், அதற்கும் முன்னால் தவளக்குப்பம். முடிவில் அரியாங்குப்பம் தலையில் நிற்கும். புதுச்சேரியிலிருந்து திரும்பும் பஸ்ஸின் வரிசை அது. 'ஒரே உருப்படி இருந்தால்' என்று தனி வரி வேண்டாம்.

இதைக் கற்றதும் ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் எல்லா ரிகர்ஷனிலும் கையிருப்பை நுழைக்காதீர்கள். ஒவ்வோர் எண்ணையும் இரட்டிப்பாக்கும் பயிற்சியில் நுழைத்தால் விடை தலைகீழாக வரும். அதை நிமிர்த்த இன்னொரு முறை திருப்ப வேண்டும். முடிவில்லாத லிஸ்டில் முதல் 5 மட்டும் கேட்டாலும் விடையே வராது. அங்கே எக்ஸை இரட்டிப்பாக்கி, மீதிக்கான அழைப்பின் தலையில் கோலன் போட்டு வைப்பதே சரி. வரிசை மாறாமல் ஒவ்வொன்றையும் மாற்றும் வேலை என்றால் கையிருப்பு கூடாது.

ரெக்கார்டு புரோகிராம்களை ரெடிமேடாக விற்பவர்களிடம் போகாதீர்கள். பெயரை மட்டும் மாற்றி ஒரே ஃபைலைப் பத்துப் பேருக்குக் கொடுப்பார்கள். அவுட்புட் வந்தாலே கையெழுத்து விழும் லேப் முறைதான் அவர்களை வாழவைக்கிறது. காசு வாங்கியவர் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வரமாட்டார். 'காலி லிஸ்ட் வந்தால் எந்த வரி ஓடும்?' என்று கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சமர்ப்பிக்கும் முன் ஃபங்ஷனுக்கு மேலே, அது எதை வாங்கி எதைத் தரும் என்று சொல்லும் டைப் வரியை எழுதி, எச்சரிக்கைகளைக் காட்டும் மைனஸ் டபிள்யூ ஆல் (-Wall) ஆப்ஷனோடு ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். காலி லிஸ்ட் போன்ற ஏதாவது பேட்டர்ன் விடுபட்டிருந்தால் கம்பைலரே சொல்லிவிடும்.